இல்லாத மூடி

"மூடி இருந்துச்சு. நான் பாத்தேன்."

கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மேஸ்திரி சொன்னது அவ்வளவுதான்.

"கேட்டீங்கல்ல? பிடிச்சுட்டு வந்த நாள்லேர்ந்து இதே பல்லவிதான்" என்றார் இன்ஸ்பெக்டர். "மூடி அந்த நேரத்துல வெல்டிங் கடையில கிடந்துது. கைப்பிடி உடைஞ்சு போச்சுன்னு ஏத்திட்டுப் போயிருக்காங்க. வெல்டர் சொல்றான், லாரிக்காரன் சொல்றான். இவரு மட்டும் மூடியைக் கண்ணால பாத்தாராம்."

"மூடி ரெட்டைப் பிறவியா இருக்கும் சார்" என்றாள் வெடி.

இன்ஸ்பெக்டர் அவளை முறைத்தார். அவள் ஊசியின் உதவியாளர். வாயைத் திறந்தால் வெடிக்கும் என்பதால் அந்தப் பெயர். ஊசி தனியார் துப்பறிவாளர். ஒல்லி. குறைவாகப் பேசுவார். பேசினால் குத்தும்.

சம்பவம் சின்னது. ஒரு சுண்ணாம்பு ஆலை. கொட்டகையின் நடுவே தரையோடு தரையாக ஒரு தொட்டி. சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டு நீற்றும் இடம். விளிம்பு வரை வெள்ளைக் கூழ். மேலே ஆடை படிந்து அசையாமல் கிடக்கும். அடியில் கொதிக்கும். தொட்டிக்கு ஓர் இரும்பு மூடி. இரண்டு பக்கமும் மூட்டை அடுக்கியிருப்பதால் கொட்டகையைக் கடக்கிறவர்கள் மூடிமேல்தான் நடக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரம். முதலாளி வாசலில் வந்து நின்றார். மாடி ஜன்னலில் இருந்த மேஸ்திரியிடம், "மூடி போட்டிருக்கா?" என்று கேட்டார். "போட்டிருக்கு, வாங்க" என்றார் மேஸ்திரி. முதலாளி நடந்தார்.

தொட்டியிலிருந்து வெளியே எடுத்தபோது முகம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. மனைவி மோதிரத்தைப் பார்த்து அடையாளம் சொன்னார்.

"போன வருஷம் இவரு பையன் அதே தொட்டியில விழுந்து செத்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். "பழி. வேறென்ன? நாளைக்குக் காலையில கோர்ட்டு. தூக்கு, இல்லேன்னா ஆயுசு முழுக்க உள்ள."

ஊசி கம்பியருகே குனிந்தார்.

"மூடியில எதைப் பாத்தீங்க?"

மேஸ்திரி நிமிர்ந்தார். இத்தனை நாளில் யாரும் இதைக் கேட்டிருக்கவில்லை.

"ஓரத்தை. நேரா தெரிஞ்சுது. தரையைவிட வெளுப்பா."

"மூடி எப்பவும் அப்படித்தான் இருக்குமா?"

"இல்லீங்க. மூடியும் தரையும் ஒரே நிறம்தான். அன்னைக்கு என்னவோ பளிச்சுனு இருந்துச்சு."

ஊசி வெளியே வந்தார். வெடி பின்னால் ஓடி வந்தாள்.

"புளுகறாரா சார்?"

"புளுகறவன் தனக்கு உதவாத விஷயத்தைச் சேத்துக்க மாட்டான்."

*

மேஸ்திரியின் மகள் ஏணிமேல் இருந்தாள். மருந்துக் கடைக்குப் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்காக ஊசியைத் தேடி வந்தவள் அவள்தான். இவர்களைக் கண்டதும் இறங்கவில்லை. ஈரம் காய்வதற்குள் வரியை முடிக்க வேண்டும் என்றாள்.

வெடி பக்கத்து மாடிப்படியில் ஏறி நின்று பலகையைப் பார்த்தாள்.

"என்னக்கா, மேல் வரி எழுத்து மட்டும் இப்படி வளந்திருக்கு? அதுக்கு மட்டும் பால் ஊத்தினீங்களா?"

"கீழ இறங்கித் தெருவுல நின்னு பாரு."

வெடி இறங்கிப் பார்த்தாள். இரண்டு வரியும் ஒரே அளவாக இருந்தன.

"பலகைக்காக எழுதக் கூடாது" என்றாள் மகள். "நிக்கறவங்க கண்ணுக்காக எழுதணும்."

தூரிகை ஓர் இழுப்பில் கோட்டை முடித்தது. அளவுகோல் இல்லை. நடுக்கம் இல்லை.

"தம்பி எப்படி விழுந்தான்?" என்றார் ஊசி.

"வட்டத்தைப் பாக்காம நடந்தான்னு எழுதிட்டாங்க."

"என்ன வட்டம்?"

"தொட்டியைச் சுத்தித் தரையில நாலு கறுப்பு ரப்பர் வட்டம் பதிச்சிருக்கும். மூடியோட ஒவ்வொரு மூலையும் ஒரு வட்டத்துமேல உக்காரும். மூடி போட்டிருந்தா ஒவ்வொரு வட்டத்துலயும் கால்வாசி மறைஞ்சு தெரியும். மூடி இல்லேன்னா முழு வட்டம். முழு வட்டத்தைப் பாத்தா நிக்கணும். அங்க எல்லாமே வெள்ளை சார். மூடியைப் பாத்து ஒண்ணும் தெரியாது. வட்டத்தைத்தான் பாக்கணும்."

"தம்பி பாக்கலையா?"

"வட்டத்துமேல விரக்கடை சுண்ணாம்பு படிஞ்சிருந்துச்சு. கழுவறதுக்கு முதலாளி ஆள் விடலை. எதைப் பாக்கறது?"

"விசாரணையில அதை யாரும் சொல்லலையா?"

"வட்டம் சுத்தமாத்தான் இருந்துச்சு, பையன்தான் பாக்கலைன்னு ஒருத்தர் சாட்சி சொன்னார்."

"யாரு?"

தூரிகை நின்றது.

"அப்பா."

தெருவில் ஒரு லாரி போனது. மகள் தூரிகையை மறுபடி பெயிண்டில் தோய்த்தாள்.

"வேலை நிலைச்சுது" என்றாள். பிறகு, "இந்தத் தடவை அவர் பொய் சொல்லலை சார். அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

*

கொட்டகைக் கதவில் போலீஸ் பூட்டு. கான்ஸ்டபிள் திறந்துவிட்டுப் புகை பிடிக்கப் போனார். ஆலை வாட்ச்மேன் உடன் வந்தார்.

உள்ளே எல்லாம் ஒரே வெள்ளை. தரை, சுவர், மூட்டை, தூண். கூரைத் தகட்டின் வழியே வெளிச்சம் பால் போல இறங்கியது. எதற்கும் நிழல் இல்லை.

வாசலை ஒட்டி ஒரு பலகை தொங்கியது. "வட்டத்தைப் பார். பிறகு கால் வை."

"மேஸ்திரி மக எழுதினது" என்றார் வாட்ச்மேன். "பையன் செத்ததும் இப்படி ஒரு பலகை வைக்கணும்னு மேலேர்ந்து உத்தரவு. முதலாளி அந்தப் பொண்ணையே கூப்பிட்டாரு. தம்பிக்கு நடந்தது இன்னொருத்தனுக்கு நடக்கக் கூடாது பாரு, நீயே எழுதும்மான்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு."

வெடி பலகையை இன்னொரு முறை படித்தாள்.

"எழுத்து புதுசா இருக்கே" என்றார் ஊசி.

"சுண்ணாம்பு தின்னுடும். அப்பப்ப வந்து மறுபடி எழுதும்."

"முதலாளி சாப்பாட்டு நேரத்துல எதுக்கு உள்ள வந்தார்?"

"தினம் வருவாரு. ஆளுங்க வெளிய மரத்தடியில சாப்பிடுவாங்க. எவனாவது மூட்டைக்கு நடுவுல தூங்கறானான்னு பாக்க வருவாரு."

"தூங்கினா?"

"தண்ணி ஊத்தி எழுப்புவாரு."

"நல்ல மனுஷன்தானே" என்றாள் வெடி.

"சுண்ணாம்புத் தண்ணி."

வெடி மூட்டைகளை விட்டு ஓர் அடி தள்ளி நின்றாள்.

"ஆனா தன் காலை எங்க வைக்கறோம்னு பாத்து வைக்கிறவரு" என்றார் வாட்ச்மேன். "அந்தப் பையன் செத்ததுலேர்ந்து வட்டத்தைப் பாப்பாரு. அது போதாதுன்னு மேஸ்திரியையும் கேப்பாரு. அன்னைக்கும் கேட்டாரு. நான் கேட்லேர்ந்து கேட்டேன். அப்புறம் அந்தச் சத்தம்."

உடலை எடுத்த அன்று மாலையே மூடியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பிறகு யாரும் அதைத் தொடவில்லை. ஊசி மூடிமேல் நடந்து அந்தப் பக்கம் போனார். குந்தினார்.

வாசலுக்குக் கிட்டே இருந்த இரண்டு வட்டங்களும் முறையாக இருந்தன. கால்வாசி மூடிக்கடியில், முக்கால்வாசி வெளியே. தூரத்து வட்டங்கள் இரண்டிலும் மூடியின் ஓரத்தை ஒட்டி வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது.

"சுண்ணாம்பு தெறிச்சிருக்கு" என்றாள் வெடி.

"தெறிக்கிற சுண்ணாம்பு கோடு போட்டுத் தெறிக்குமா?"

ஊசி விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். வெள்ளை வரவில்லை. முகர்ந்தார்.

"வெளிய போ" என்றார் வெடியிடம். "கூப்பிடும்போது வா."

அவள் போனாள். உள்ளே பாரம் தூக்கும் செயின் பிளாக்கின் சங்கிலி கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அமைதி.

"வா. வாசல்லயே நில்லு."

நின்றாள்.

"மூடி இருக்கா?"

"இருக்கு சார். கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? அதோ ஓரம் தெரியுதே."

"என்ன நிறம்?"

"வெள்ளைதான். தரையைவிடக் கொஞ்சம் பளிச்சுனு." சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. மேஸ்திரி சொன்ன வார்த்தை அது.

"மேல பாரு."

அவள் தலைக்கு மேலே, சங்கிலியில், மூடி மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

வெடி ஓர் அடி பின்னால் வைத்தாள். மறுபடி தரையைப் பார்த்தாள். மூடி அங்கேயேதான் கிடந்தது. நாலு மூலையும், நாலு ஓரமும், வெள்ளையாக.

"கையை நீட்டி வட்டத்தையெல்லாம் மறைச்சுப் பாரு."

மறைத்தாள். "ஓரம் எங்க சார் போச்சு?"

"இருந்தாத்தானே போறதுக்கு. கையை எடு."

எடுத்தாள். ஓரம் திரும்பி வந்தது.

"நாலு வட்டத்துலயும் மூடி மூலை உக்கார்ற இடத்துக்கு யாரோ வெள்ளை அடிச்சிருக்காங்க" என்றார் ஊசி. "வட்டம் வெட்டுப்பட்டுத் தெரியுது. எதனால வெட்டுப்பட்டிருக்கு? மேல ஏதோ கிடக்குன்னு மூளை முடிவு பண்ணுது. முடிவு பண்ணினதும் அதுக்கு ஓரம் போடுது. நடுவுல கூடுதலா ஒரு கை வெள்ளையும் அடிச்சுடுது. உன்னைக் கேக்கறதில்லை. இல்லைன்னு தெரிஞ்ச பிறகும் விடாது. இப்பவும் தெரியுதுல்ல?"

"தெரியுது." அவள் கண்ணைக் கசக்கினாள். "என் கண்ணே எனக்குக் காது குத்துதா?"

"வட்டத்தை நம்பாதவன் பயந்து நின்னிருப்பான். முதலாளி ஒழுங்காப் பாத்தார். அதான் செத்தார்."

"அப்போ மேஸ்திரி பொய் சொல்லலை."

"சொல்லலை."

"வேலை முடிஞ்சுது, கிளம்பலாம் சார்."

ஊசி நகரவில்லை. தூரத்து வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிட்ட இருக்கிற ரெண்டுலயும் சரியா கால்வாசி அடிச்சிருக்கு. தூரத்து ரெண்டுலயும் அதைவிட அதிகம். ஏன்?"

"கை தவறியிருக்கும்."

"கோட்டைப் பாரு. தவறின கையா அது? மூடிக்குத் தடிமன் இருக்கு. வாசல்ல நின்னா அந்தத் தடிமன் தூரத்து வட்டத்தை இன்னும் கொஞ்சம் மறைக்கும். இங்க தினம் மூடியைத் தூக்கிப் போடறவனுக்கு அது தோணாது. மூடி கால்வாசி மறைக்கும்னுதான் அவனுக்குத் தெரியும். கால்வாசிதான் அடிச்சிருப்பான்."

"அப்போ யாரு?"

"நிக்கறவங்க கண்ணுக்காக எழுதத் தெரிஞ்சவங்க" என்றார் ஊசி. வெடி வாசல் பலகையைப் பார்த்தாள். பிறகு தன் செருப்பைப் பார்த்தாள்.

"இன்ஸ்பெக்டரை வரச் சொல்லு. மேஸ்திரியைக் கூட்டிட்டு வரட்டும். அந்தப் பொண்ணையும் கூப்பிடு."

"வேண்டாம் சார்னு சொன்னா கேப்பீங்களா?"

"மாட்டேன்."

*

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று, "மூடி போட்டிருக்கே, இதுல பாக்க என்ன இருக்கு?" என்றார். ஒரு காலை எடுத்தும் வைத்தார். ஊசி அவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். அண்ணாந்து பார்த்தவர் வெகுநேரம் தலையைக் கீழே இறக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, வட்டத்தை மறைத்து, விலக்கி, மறுபடி மறைத்தார்.

மேஸ்திரியை விலங்கோடு மாடிக்கு அனுப்பினார்கள். அன்று நின்ற அதே ஜன்னல்.

"மூடி தெரியுதா?" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"தெரியுதுங்க! இதேதான். அதே ஓரம்!"

"மூடி அந்தச் சங்கிலியில தொங்குது பாருங்க."

மேலே மேஸ்திரி சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிப்பு நடுவிலேயே உடைந்து அழுகையானது.

"சொன்னேன்ல! நான் சொன்னேன்ல! அம்மாடி, உங்கப்பன் பொய் சொல்லலைம்மா!"

மகள் கதவருகே நின்றிருந்தாள். கையில் பெயிண்ட் கறை. அவள் முகம் இளகியது. ஒரு நொடி சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

"சரி, இவரு பொய் சொல்லலை" என்றார் இன்ஸ்பெக்டர். "விட்டுடறேன். அப்போ வெள்ளை அடிச்சது எவன்?"

மேஸ்திரி இறங்கி வந்தார். இன்னும் சிரித்துக்கொண்டே வந்தார். மூட்டைமேல் ஏறி, தொட்டியைச் சுற்றி, தூரத்து வட்டத்தின் பக்கம் போய்க் குந்தினார். தலைமுடி நரைக்கும் வரை பார்த்த வட்டம். என்ன செய்து தன்னை ஏமாற்றினார்கள் என்று பார்க்கிற ஆசை.

கட்டை விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. விரலை முகர்ந்தார்.

சிரிப்பு நின்றது.

கோட்டின்மேல் விரலை ஓட்டினார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே இழுப்பு. தலையைத் தூக்கி வாசல் பலகையைப் பார்த்தார். பலகைக்குப் பக்கத்தில் நின்றவளை மட்டும் பார்க்கவில்லை.

எழுந்தார்.

"ஐயா."

"என்ன?"

"நான் பொய்தான் சொன்னேன்."

"என்னய்யா உளர்றே?"

"வட்டத்துல வெள்ளை அடிச்சது நான்தான். மூடி இல்லைன்னு தெரிஞ்சுதான் அவரை வாங்கன்னேன். என் பையனைக் கொன்னவன்."

இன்ஸ்பெக்டர் ஊசியைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா? நல்ல வேலை பண்ணிக் குடுத்தீங்க. இத்தனை நாளா நாங்க உதைச்சும் வாங்க முடியாததை நீங்க படம் காட்டியே வாங்கிட்டீங்க."

"என்ன பெயிண்ட்?" என்றார் ஊசி.

"வீட்டுல கிடந்துது. மகளோடது. அவளுக்குத் தெரியாம எடுத்தேன்."

"தூரத்து வட்டத்துல ஏன் அதிகமா அடிச்சீங்க?"

மேஸ்திரி குனிந்து பார்த்தார். கிட்டத்து வட்டத்தையும் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை.

"கை நடுங்கிடுச்சுங்க."

வெடி அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியின் கைகளை. விலங்கு கிலுகிலுவென்று ஒலித்துக்கொண்டிருந்தது.

"நீ வீட்டுக்குப் போம்மா" என்றார் அவர் காற்றிடம். "கதவைத் தாப்பாள் போட்டுக்கோ."

மகள் கதவை விட்டு நகரவில்லை.

*

மேஸ்திரியை ஜீப்பில் ஏற்றினார்கள். ஊசி மகளின் அருகே போய் நின்றார்.

"அன்னைக்கு நீ பலகை எழுத வந்தப்பதான் மூடியை லாரியில ஏத்தினாங்களா?"

"ஆமா."

"அப்பா எங்கே போயிருந்தார்?"

"குடோனுக்கு. சாயங்காலம்தான் வர வேண்டியது."

"முன்னாடியே வந்துட்டார்."

"ம்."

"பின்பக்கப் படி வழியா மாடிக்குப் போனார். அந்தப் படியில ஏறாம, இந்த வாசல் வழியா வந்து குறுக்கே நடந்திருந்தா?"

அவள் விரலிடுக்கில் காய்ந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினாள்.

"வட்டத்தைப் பாத்திருப்பார்."

"பாத்துட்டு?"

"கால் வச்சிருப்பார்."

குரலில் எதுவும் இல்லை. கடைக்காரரிடம் பலகையின் அளவைச் சொல்கிற குரல்.

"பாக்காம நடந்து செத்தான்னு சாட்சி சொன்னவர்தானே. பாத்துட்டு நடந்தாலும் சாவு வரும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

வெடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

"இந்த ஆலைக்குள்ள அவர் சொன்ன முதல் உண்மை சார் அது. அதுக்குப் போய் தூக்கா?" சற்று நிறுத்தினாள். "உங்க வேலை முடிஞ்சுது. நீங்க போகலாம்."

"முடியலை. அப்பா பொய் சொல்லலைன்னு நிரூபிக்கச் சொன்னே. இப்ப பொய் சொல்றாரே."

அவள் முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தாள். ஓடவில்லை. கெஞ்சவும் இல்லை. கறை படிந்த கைகளைப் புடவையில் துடைத்தாள். அது போகாது என்று அவளுக்குத் தெரியும்.

ஊசி ஜீப்பை நோக்கி நடந்தார். வெடி பின்னால் போனாள்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் மேஸ்திரியின் முகம். ஊசி வருவதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. விலங்கிட்ட கைகளைக் கூப்பினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மறுபடி ஆட்டினார்.

ஊசி அதை நன்றாகப் பார்த்தார்.

பிறகு இன்ஸ்பெக்டர் பக்கத்துக் கதவைத் தட்டினார்.